ஆவணமற்ற தொழிலாளர் பற்றி ஆய்வு: தரவை எங்கே தேடுவது?

கேள்வி: நான் கிழக்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளியல் இறுதியாண்டு மாணவி. ஊர் வெல்லாவெளிப் பக்கம். 'குடிபெயர்வு, ஆவணமற்ற தொழிலாளர், தொழிற்சந்தை' என்று ஆய்வுத் தலைப்புக் கொடுத்திருக்கிறேன். இணையத்தில் தேடினால் எல்லாம் அமெரிக்காவும் மெக்சிக்கோவும்தான் வருகிறது. நல்ல கட்டுரை என்று திறந்தால் காசு கேட்கிறது. மட்டக்களப்பிலிருந்து போய் வளைகுடாவில் விசா இல்லாமல் நிற்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எங்குமே இல்லை. 'தரவு இல்லாவிட்டால் தலைப்பை மாற்று' என்கிறார் மேற்பார்வையாளர். என் சின்னம்மாவே குவைத்தில் சில வருடங்கள் அக்காமா (வதிவிட அனுமதி) இல்லாமல் வேலை செய்து, பொதுமன்னிப்பில் வந்தவர். அவரைப் பேட்டி எடுக்கலாமா?

பதில்:

தங்கச்சி, மேற்பார்வையாளரோடு இதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். தலைப்பு அப்படியே இருக்கட்டும், அதற்குள் நீங்கள் கேட்கும் கேள்வியை மாற்றினால் போதும். 'எத்தனை பேர்' என்ற கேள்விக்குக் கொழும்பிலுள்ள பெரிய நிறுவனங்களாலேயே நேராகப் பதில் சொல்ல முடியாது. 'விசா இருந்தபோது என்ன உழைத்தார், விசா போன பிறகு என்ன உழைத்தார், அந்த வித்தியாசம் ஏன் வந்தது' என்று கேட்டால் ஒரு இறுதியாண்டு மாணவி வெல்லாவெளியில் இருந்துகொண்டே பதில் தேடலாம். தொழிலாளர் பொருளியல் அக்கறைப்படுவதும் அதில்தான்.

முதலில், அந்தக் கணக்கு ஏன் இல்லை என்பதை உங்கள் ஆய்வின் முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது. அது எண்ணுவது பதிவுசெய்து புறப்படுபவர்களை. பதிவுசெய்த முகவர் மூலம் குவைத்துக்குப் போன ஒரு பெண், இரண்டு வருடம் கழித்து கபீலின், அதாவது விசா எடுத்துக் கொடுத்த முதலாளியின், வீட்டை விட்டு வெளியேறினாலும், அட்டவணையில் அவர் சட்டப்படி புறப்பட்டவராகவே நிற்பார். சப் ஏஜென்டின் பேச்சைக் கேட்டு விசிட் விசாவில் துபாய்க்குப் போய் அங்கிருந்து ஓமானுக்கு மாற்றப்பட்டவர் எந்த அட்டவணையிலும் இருக்க மாட்டார். 'ஃப்ரீ விசா' என்று காசு கொடுத்து வாங்கிப் போனவரின் நிலை இன்னொரு மாதிரி. விசா ஒருவர் பெயரில், வேலை வேறொருவரிடம். கடவுச்சீட்டில் எல்லாம் சரி, சட்டத்தில் பிழை. அதாவது 'ஆவணம் உள்ளவர்', 'ஆவணம் அற்றவர்' என்று இரண்டு பெட்டி போட்டால் உங்கள் ஆட்களில் பாதிப்பேர் இரண்டிலும் அடங்க மாட்டார்கள். சவூதியில் மரணதண்டனைக்கு உள்ளான மூதூர்ப் பணிப்பெண் ரிஸானா நபீக்கை நினைத்துப் பாருங்கள். 2005இல் சவூதிக்குப் போனபோது கையில் கடவுச்சீட்டு இருந்தது. ஆனால் 1988இல் பிறந்த பிள்ளைக்கு அதில் 1982 என்று போட்டிருந்தார்கள்.

அதற்காகப் பணியகத்தின் வருடாந்தப் புள்ளிவிபர அறிக்கையை ஒதுக்கிவிடாதீர்கள். அதுதான் உங்கள் முதல் ஆவணம். மாவட்டம், பால், நாடு, திறன் மட்டம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். மட்டக்களப்பு, அம்பாறை வரிகளை மட்டும் பல ஆண்டுகளுக்கு எடுத்து ஒரு எக்செல் தாளில் அடுக்குங்கள். எல்லோரும் புறப்பட்டவர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் முறைப்பாட்டு அட்டவணைகளையும் பாருங்கள். சம்பளம் கொடுக்காமை, துன்புறுத்தல், தொடர்பு இல்லாமற்போதல், ஒப்பந்தம் முடிந்தும் திருப்பி அனுப்பாமை என்றெல்லாம் அங்கே வகைகள் இருக்கும். அந்தக் கடைசி வகையைக் கவனியுங்கள். ஒப்பந்தமும் அக்காமாவும் முடிந்த பிறகும் முதலாளி அனுப்பாமல் வைத்திருந்தால் அந்தப் பெண் தானாக எதுவும் செய்யாமலே ஆவணமற்றவராகிறார்.

அடுத்தது மத்திய வங்கியின் பணவனுப்பல் கணக்கு. 2020இல் 7.1 பில்லியன் டொலர் வந்தது. 2021இல் அது 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் இறங்கியது. ஆனால் 2022இல்தான் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவுசெய்து வெளிநாடு போனார்கள். போகிறவர் கூடக் கூடப் பணம் எப்படிக் குறையும்? பெரும்பகுதி குறையவில்லை, வழி மாறியது. வங்கி ஒரு டொலருக்கு 200 ரூபாய் அளவில் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரர் அதைவிட நன்றாகக் கூட்டிக் கொடுத்தார். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டு, விலை இடைவெளி மெல்ல மெல்லச் சுருங்கிய பிறகு 2023இல் தொகை 6 பில்லியனுக்குக் கிட்ட ஏறியது. உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், அக்காமா இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு திறப்பதும் பணமாற்று நிலையத்தில் அடையாள அட்டை காட்டுவதும் எப்போதுமே சிக்கல். ரூபாய் நெருக்கடியில் மற்றவர்கள் இரண்டு வருடம் போன வழியில் அவர் வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தார். ஆகவே பணவனுப்பல் தொகையை வைத்து அவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கொள்கை மாற்றங்களும் நல்ல தடயம். 2013இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டுப் பணிக்குப் போவதைத் தடுக்கும் குடும்பப் பின்னணி அறிக்கை, அதாவது புறப்படும் முன் உள்ளூர் அதிகாரிகளிடம் வாங்க வேண்டிய சான்று, வந்தது. அதே ஆண்டு குறைந்தபட்ச வயதும் சவூதிக்கு 25, மற்ற மத்திய கிழக்கு நாடுகளுக்கு 23 என்று உயர்ந்தது. கொள்கைக் கற்கைகள் நிறுவகத்தின் பிலேஷா வீரரத்ன, குடும்பப் பின்னணி அறிக்கை பெண்களின் புறப்பாட்டை எப்படி மாற்றியது என்று திறன் மட்டம் பிரித்து அளந்திருக்கிறார். குறைந்த திறன் பிரிவில் புறப்பாடு குறைந்ததாக முடிவு. கட்டுரை யுஎன்யு-வைடர் எனப்படும் ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வு நிறுவனத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதை வாசித்துவிட்டு நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: பதிவேட்டில் குறைந்த பெண்கள் எல்லோரும் வீட்டிலா இருந்தார்கள்? கிராம உத்தியோகத்தரிடம் கையெழுத்து வாங்க முடியாதவர் வேறு வழியில் போனாரா? தரவு சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் உங்கள் பேட்டிகளுக்கு வேலை இருக்கிறது.

சரி, அமெரிக்கக் கட்டுரைகள். அவை உங்களைத் தொல்லைப்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். முழுவதையும் தூக்கி எறிய வேண்டாம். எப்படி அளப்பது, எங்கே வழுக்குவது என்று படிக்க அவற்றைவிட நல்ல இடம் இல்லை. 1980இல் கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் அமெரிக்காவுக்குப் போனார்கள். மயாமியின் தொழிலாளர் படை சில மாதங்களில் 7 சதவீதம் பெருத்தது. டேவிட் கார்ட் 1990இல் எழுதிய கட்டுரையில், அங்கிருந்த குறைந்த திறன் தொழிலாளரின் கூலி இதனால் விழவில்லை என்றார். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடையில் ஜோர்ஜ் போர்ஹாஸ் அதே சம்பவத்தை எடுத்து, உயர்பள்ளி முடிக்காத ஆண்களை மட்டும் தனியாகப் பார்த்து, கூலி பலமாக விழுந்தது என்றார். பிறகு மைக்கேல் கிளெமன்ஸும் ஜெனிஃபர் ஹன்ட்டும் வந்து, அந்தச் சின்ன மாதிரிக்குள் கறுப்பின ஆண்களின் பங்கு 1980க்குப் பிறகு கூடியிருந்ததைக் காட்டினார்கள். கணக்கெடுப்பு முறை மாறியதால் வந்த வித்தியாசம் கூலிச் சரிவு போலத் தெரிந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஒரே நகரம், ஒரே வருடம், மூன்று முடிவு. இந்த மூன்றையும் வரிசையாக வாசித்தால், பத்து பாடப்புத்தகம் சொல்லித்தராததைக் கற்றுக்கொள்வீர்கள். நாற்பது பேரைப் பேட்டி எடுத்துவிட்டுச் சராசரி போடப்போகும் உங்களுக்கு அது அவசியம்.

ஆனால் அமெரிக்க முடிவுகளை அப்படியே வளைகுடாவுக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஆய்வு அங்கேயே கவிழ்ந்துவிடும். அமெரிக்காவில் காகிதம் இல்லாதவர் பிடிபடும் பயத்தில் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்கிறார், 1986 குடிவரவுச் சட்டத்தில் சுமார் 27 இலட்சம் பேர் சட்டபூர்வமானபோது கூலி ஓரளவு ஏறியது என்பது அங்கே வழமையான கதை. வளைகுடாவின் வழமை கஃபாலா முறை, அதாவது தொழிலாளியின் விசாவுக்கு முதலாளியே பொறுப்பாளி. சில நாடுகள் இதைத் தளர்த்தியிருந்தாலும் அடிப்படை இதுதான். சட்டப்படி நிற்பவர் ஒரே முதலாளியிடம் கட்டுப்பட்டவர். வேறு இடத்தில் இரண்டு மடங்கு தருகிறேன் என்றாலும், அவர் சம்மதிக்காமல் பெரும்பாலும் போக முடியாது. பொருளியலில் இதை வாங்குவோர் தனியுரிமை என்பார்கள்: உழைப்பை வாங்க ஒருவர்தான், விலையும் அவர் வைத்ததுதான். வீட்டை விட்டு வெளியேறியவர் அந்தப் பிடியிலிருந்து கழன்றுவிடுகிறார். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று நாலு வீட்டில் வேலை செய்து, உள்ளே இருந்ததைவிடக் கூட உழைத்ததாகச் சொல்பவர்களை நம் ஊரிலேயே கேட்டிருப்பீர்கள். ஆக, காகிதம் போனதும் கூலி ஏறுவது இங்கே நடக்கக்கூடியது. அமெரிக்கக் கதைக்கு நேர்மாறு. உங்கள் ஆய்வின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இதற்குத் துணையாக ஒரு கட்டுரையைக் கட்டாயம் வாசியுங்கள். சுரேஷ் நாயுடு, யாவ் நியார்கோ, ஷிங்-யி வாங் மூவரும் 2016இல் வெளியிட்டது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2011இல், ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி பழைய முதலாளியின் அனுமதி இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம் என்று விதி வந்தது. ஏற்கெனவே அங்கே இருந்தவர்களின் வருமானம் ஏறியது. அதேவேளை புதிதாக ஆட்களைக் கூப்பிடுவது குறைந்தது, புதிதாக வந்தவர்களின் வருமானமும் இறங்கியது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் மேற்கோள் காட்டும்போது விட்டுவிடுவார்கள். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

தேடும்போது 'அன்டொக்யுமென்டட்' என்று அடித்தால் அமெரிக்காதான் வரும். 'இர்ரெகுலர் மைக்ரன்ட்', 'ஓவர்ஸ்டே', 'ரன்அவே டொமெஸ்டிக் வேர்க்கர்', 'கஃபாலா', 'ஃப்ரீ விசா' என்ற சொற்களோடு குவைத், லெபனான், ஜோர்தான், ஓமான் பெயர்களைச் சேர்த்து அடியுங்கள். காசு கேட்கும் கட்டுரைக்குக் காசு கொடுக்க வேண்டாம். கூகுள் ஸ்கொலரில் கட்டுரையின் கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பை அழுத்தினால் பெரும்பாலும் ஒரு இலவசப் பிரதி அகப்படும். பொருளியலாளர்கள் சஞ்சிகைக்குக் கொடுக்கும் முன்பே ஆய்வுத்தாளாக வெளியிடும் பழக்கம் உள்ளவர்கள். தொழிலாளர் பொருளியல் ஆய்வுகளுக்கான ஐஇசட்ஏ தளத்தில் அவை இலவசம். அமெரிக்கத் தேசியப் பொருளியல் ஆய்வுப் பணியகமான என்பிஇஆரின் தளம் வளர்முக நாட்டு வாசகர்களிடம் காசு வாங்குவதில்லை. ஜேஸ்டோரில் சொந்தப் பெயரில் கணக்குத் திறந்தால் மாதத்துக்கு ஒரு தொகைக் கட்டுரைகளைத் திரையில் வாசிக்கலாம். இலங்கைச் சஞ்சிகைகளுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் இருக்கிறது. வளைகுடாவின் சட்டங்களுக்கும் புள்ளிவிபரங்களுக்கும் ஜிஎல்எம்எம் என்ற தளம் தனியாக இருக்கிறது. அதன் நாட்டு அறிக்கைகளில் ஒழுங்கற்ற குடிபெயர்வு பற்றிய பகுதிகள் நன்றாக எழுதப்பட்டவை. ஒரு வேண்டுகோள்: இருநூறு பிடிஎப் இறக்கி வைத்துவிட்டு ஒன்றையும் வாசிக்காமல் இருக்கும் வியாதி நம் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. பதினைந்து போதும், முழுவதும் வாசித்ததாக இருக்கட்டும்.

பலர் தொடாத ஒரு மூலம், ஐ.நா.வின் குடிபெயர் தொழிலாளர் குழு. குடிபெயர் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் பற்றிய 1990 சமவாயத்தில் இலங்கை 1996இல் சேர்ந்தது. ஆகவே அரசாங்கம் அந்தக் குழுவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். 2009இலும் 2016இலும் குழு இலங்கையின் அறிக்கையைப் பரிசீலித்தது. அரசு எழுதியது, குழு திருப்பிக் கேட்டது, தொண்டு அமைப்புகள் தனியாக எழுதிக் கொடுத்தது எல்லாம் மனித உரிமை உயர்ஸ்தானிகர் அலுவலகத் தளத்தில் இருக்கின்றன. அரசாங்கம் தன் வாயாலேயே ஒத்துக்கொண்ட சில விடயங்கள் அங்கே கிடைக்கும். ஆய்வில் அடிக்குறிப்பு போட அதைவிட உறுதியான இடம் இல்லை. தமிழில் வேண்டுமானால் நூலகம் எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகளையும் கிழக்கில் பெண்கள் அமைப்புகள் வெளியிட்ட சஞ்சிகைகளையும் தேடுங்கள். குவைத் 2018, 2020, 2024 ஆண்டுகளிலும் ஐக்கிய அரபு இராச்சியம் 2018, 2024 ஆண்டுகளிலும் பொதுமன்னிப்புக் கொடுத்தன. அந்தந்த மாதப் பத்திரிகைகளில் தூதரகத்துக்கு வந்தவர்கள் பற்றிச் செய்தி வந்திருக்கும். பொதுமன்னிப்புக் காலம்தான் மறைந்திருப்பவர் சில வாரங்களுக்கு வெளியே தெரியும் காலம்.

இனி உங்கள் சின்னம்மா. பேட்டி எடுக்கலாம், ஆனால் ஆய்வுத் தரவாக அல்ல. கேள்விக்கொத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். எங்கே அவர் முகம் சுளிக்கிறார், எந்தக் கேள்வி விளங்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரரின் கதையை எண்ணிக்கையில் சேர்த்தால் பரீட்சகர் கேட்பார், நீங்களும் அவரிடம் சிலதைக் கேட்கக் கூச்சப்படுவீர்கள்.

மற்றவர்களிடம் போகும்போது சம்பளத்தைத் தினாரில், ரியாலில் கேளுங்கள். ரூபாயில் கேட்டால் 2022க்கு முன், பின் என்று எல்லாம் குழம்பிவிடும். பேசிய சம்பளம் வேறு, கையில் கிடைத்தது வேறு. இரண்டையும் கேட்க வேண்டும். இதில் மிகப் பலர் வழுக்குவது ஒரு இடத்தில்: கபீல் வீட்டில் தங்கி வேலை செய்தவருக்குச் சாப்பாடும் படுக்கையும் சம்பளத்துக்கு வெளியே கிடைத்தது. வெளியில் வேலை செய்தவர் அறை வாடகை, சாப்பாடு, பஸ், மருந்து எல்லாவற்றையும் தன் கையால் கட்டினார். அதைக் கழிக்காமல் 'வெளியில் கூடச் சம்பளம்' என்று எழுதினால் அது பிழையான முடிவு. நாளைக்கு எத்தனை மணித்தியாலம், வாரத்தில் ஓய்வு நாள் இருந்ததா என்பதையும் சேர்த்து, மணித்தியாலக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். வருடம் நினைவில்லை என்பார்கள். 'மூத்த மகளின் சாமத்திய வீட்டுக்கு முதலா பிறகா', 'சுனாமிக்கு முன்னா' என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். இப்படி வாழ்க்கை நிகழ்வுகளோடு வேலை வரலாற்றைக் கட்டிக் கேட்கும் முறையை டக்ளஸ் மாஸியும் ஹோர்ஹே டுராண்டும் 1982இல் மெக்சிக்கோ கிராமங்களில் தொடங்கிய ஆய்வில் பார்க்கலாம். அவர்களின் கேள்விக்கொத்தும் தரவும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. மெக்சிக்கோ என்று முகத்தைத் திருப்பாமல் அந்தக் கேள்விக்கொத்தை எடுத்து நம் ஊருக்கு ஏற்ப மாற்றுங்கள்.

பெயர், கடவுச்சீட்டு இலக்கம், முதலாளியின் பெயர், படம் எதுவும் வேண்டாம். ஊர்ப் பெயரைக்கூடப் பிரதேச செயலகப் பிரிவு மட்டத்தோடு நிறுத்துங்கள். திரும்பிப் போக யோசிப்பவர்கள் இருப்பார்கள், கடன்காரர் தேடுபவர்கள் இருப்பார்கள், கணவருக்குச் சொல்லாத சங்கதிகளும் இருக்கும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி எடுக்காமல் ஒரு வீட்டுப் படியும் ஏற வேண்டாம். பேட்டிக்கு மாமியாரோ கணவரோ பக்கத்தில் உட்கார்ந்தால் அன்றைக்குச் சம்பளக் கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டு எழும்பிவிடுங்கள்.

மேற்பார்வையாளர் கேட்கப்போகும் கேள்வி ஒன்று இருக்கிறது: திரும்பி வந்தவர்களை மட்டும்தானே பார்த்தாய், வராதவர்கள்? நியாயமான கேள்வி. பொதுமன்னிப்பில் வந்தவர் ஒருவேளை உழைப்பு சரிவராமல் வந்தவராக இருக்கலாம், நன்றாக உழைப்பவர் இன்னும் அங்கேயே இருக்கலாம். இதை முழுவதுமாகத் தீர்க்க முடியாது. ஆனால் ஓடியவரையும் ஓடாதவரையும் ஒப்பிடாமல், ஒரே ஆளின் அக்காமா இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும் ஒப்பிட்டால் பிரச்சினையின் பெரும்பகுதி குறையும். கெட்டிக்காரி, பயந்தவர், பாஷை தெரிந்தவர் என்ற வித்தியாசங்கள் ஒரே ஆளுக்குள் அடங்கிவிடும். அதற்குத்தான் மேலே சொன்ன வருடவாரியான வேலை வரலாறு. ஒருவர் பின்னால் ஒருவர் காட்டித்தர ஆட்களைச் சேர்த்தால், முதல் ஆட்களை ஒரே ஊரிலிருந்து எடுக்காதீர்கள். படுவான்கரையில் ஒருவர், ஏறாவூரில் ஒருவர், அக்கரைப்பற்றில் ஒருவர், திருக்கோவிலில் ஒருவர் என்று தொடங்குங்கள்.

பேட்டி, வாசிப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வாரமே செய்ய வேண்டியது தகவல் கோரிக்கை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஒன்று பணியகத்துக்கு: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்தவர் பற்றிக் கிடைத்த முறைப்பாடுகள், நாடும் வகையும் ஆண்டும் பிரித்து, பெயர்கள் இல்லாமல். இன்னொன்று உங்கள் பிரதேச செயலகத்துக்கு: வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் திரும்பியோர் பதிவு இருந்தால் அதன் தொகைகள். 'ஆவணமற்றவர் எத்தனை பேர்' என்று கேட்காதீர்கள், 'அப்படியொரு பதிவு இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவர்களிடம் இருக்கும் பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அதனால் முதலில் ஒருநாள் நேரில் போய் அந்த உத்தியோகத்தரோடு பேசி, என்னென்ன கொப்பி வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதன் பிறகு ஆணைக்குழு. மாதங்கள் இழுபடலாம். உங்கள் ஆய்வை ஒப்படைக்கும் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், இப்போதே பிந்திவிட்டது. பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.